பொறுமைசாலியின் சாட்சி

அக்காளுக்கும் தங்கைக்கும் பிறவியிலேயே ஒரே நோய், அரிவாள் செல். ரத்த அணுக்கள் வளைந்துபோய்க் குழாய்களை அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் உயிர் போகிற வலி. வலி வந்தால் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். அக்காள் ஊரைக் கூட்டுவாள். அதனால் வீட்டில் தங்கை தங்கம், அக்காள் நாடகக்காரி. பட்டம் கொடுத்தது அம்மா. தங்கைக்கு அதில் வாயெல்லாம் பல்.

கொஞ்ச காலமாக நாடகத்தில் புதுப்புதுக் காட்சிகள். அக்காள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், வயிறு வலிக்கிறது என்றாள், சொன்னதையெல்லாம் மறந்தாள். எலும்புக்கு நல்லது என்று அம்மா கால்சியம் மாத்திரையை வாயில் திணித்தாள். அதற்கும் அழுதாள்.

இருவருக்கும் ஒரே துணி ஃபேக்டரியில் வேலை. ஒருநாள் அக்காள் கட்டிங் மேசைக்குக் கீழே உட்கார்ந்தவள் எழவில்லை. சூப்பர்வைசர் தங்கையைக் கூப்பிட்டார்.

"உனக்கும் அதே வியாதிதானேம்மா? நீயே சொல்லு. நெஜமாவே முடியலையா, இல்ல ஏமாத்துறாளா?"

அக்காள் அண்ணாந்து பார்த்தாள். முடியவில்லை என்று தங்கை ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"எனக்கும் அதேதான் சார். நான் நிக்கலையா?"

அக்காளை எழுப்பித் துணிக்கட்டைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினாள். கை எலும்பு முறிந்த சத்தம் அடுத்த மேசைவரை கேட்டது.

ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் முடிந்தபின் டாக்டர் சொன்னார்: "இது அரிவாள் செல் மட்டும் இல்ல. கழுத்துல பாராதைராய்டுன்னு ஒரு சின்னச் சுரப்பி, அளவுக்கு மீறி வேலை செய்யுது. எலும்புல இருக்கற கால்சியத்தை உருவி ரத்தத்துல கொட்டுது. தாகம், வயித்துவலி, மறதி எல்லாம் அதனாலதான். ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். இத்தனை நாள் வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

அம்மா தரையைப் பார்த்தாள்.

"கவனிச்சாங்க டாக்டர்," என்றாள் அக்காள். "எனக்கு எவ்வளவு வலிக்கும்னு என் தங்கச்சிக்குத்தான் தெரியும். அவளைக் கேளுங்க."

டாக்டர் கட்டிலருகே நின்ற தங்கையிடம் திரும்பினார். அவள் பீற்றிக்கொண்ட பொறுமையெல்லாம் வெறும் அதிர்ஷ்டம். அவளுக்கு வலி குறைவு, அவ்வளவுதான். அது அவளுக்கு எப்போதோ தெரியும் என்பதுதான் கேவலம்.

"எனக்கு அவ்வளவா வலிச்சதே இல்ல டாக்டர்," என்றாள். பிறகு கட்டிலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். "அக்கா, மன்னிச்சிடுக்கா."

அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அம்மா, அவளைப் போகச் சொல்லு. இனிமே எனக்கு வலிக்கறப்போ அவ பக்கத்துல இருக்கக் கூடாது."

அம்மா ஒரு நொடிகூட யோசிக்காமல் தங்கையிடம் திரும்பினாள்.

"காதுல விழலையாடி? எந்திரிச்சு வெளிய போ."