விசாரிக்காத தீர்ப்பு

இரவுப் பணி முடிந்து வந்த என் மனைவி சீருடையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். "கேளுங்க வாத்தியாரே, தூக்கம் வர்றதுக்குள்ள" என்றாள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய தேர்வு வழிகாட்டியை நான் விரித்தேன்.

அவள் நர்ஸ். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டது. இனி ஆங்கிலத் தேர்வில் தேறினால் விசாவுக்கு விண்ணப்பித்துவிடலாம். கணவனையும் கூட்டிக்கொண்டு போவதென்றால் அந்த விண்ணப்பத்திலேயே சொல்ல வேண்டும். "என் பேரையும் போடுவல்ல?" என்று நான் கேட்கும்போதெல்லாம் "முதல்ல பரீட்சை முடியட்டும்" என்பாள். நாளை பரீட்சை.

நான் லிப்ட் மெக்கானிக். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்தத் தேர்வையும் அப்படித்தான் பிரித்துப் பார்த்தேன். பெரிய பெரிய சொற்களை மனப்பாடம் செய்து பயனில்லை. கோடிட்ட இடத்துக்கு நான்கு சொற்களைக் கொடுப்பார்கள். அகராதியில் நான்கும் பங்காளிகள்தான். குடிவந்திருக்கும் புது ஆளைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுபோல, முன்னும் பின்னும் நிற்கும் சொற்களை விசாரிக்க வேண்டும். எதனோடு ஒட்டும், எதனோடு ஒட்டாது என்பது தெரிந்தால்தான் ஒரு சொல் நமக்குச் சொந்தம். அதற்காக ஒரு விதி வைத்திருந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அது நம் வாழ்க்கையில் உண்மையாக நடந்ததாக இருக்க வேண்டும். இட்டுக்கட்டியது விடிந்தால் மறந்துவிடும். பட்டது மறக்காது.

முதல் சொல் 'ரிடண்டன்ட்', தேவைக்கு மேல் உபரியாக இருப்பது. வழக்கம்போல நானே ஆரம்பித்தேன்: "லிப்டைத் தாங்க ஒரு கயிறே போதும் என்றாலும், ரிடண்டன்ட் கயிறுகள் சில கூடவே தொங்குகின்றன."

"உங்களுக்கு லிப்டை விட்டா வாழ்க்கையே கிடையாதா?"

"உண்மையான வாக்கியம்தானே?"

"உண்மைதான். ஆனா உங்களைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல" என்று சிரித்தாள். "எனக்குக் கொடுங்க."

அடுத்த சொல் 'எக்ஸானரேட்'. முந்தின நாளே அதை விளக்கியிருந்தேன். மன்னிப்பது வேறு, இது வேறு. மன்னித்தால், தப்பு இருக்கிறது, போகட்டும் என்று விடுகிறோம். இதில் தப்பே இல்லை என்று விசாரித்து அறிவிக்கிறோம்.

அவள் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்: "என் கணவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் என்னை எக்ஸானரேட் செய்தார்."

நான் பென்சிலைத் தூக்கிவிட்டேன். "வாக்கியம் நல்லாதான் இருக்கு. ஆனா சொல் அங்க ஒட்டல. விசாரிக்காம எக்ஸானரேட் பண்ண முடியாதும்மா. ஒரு கேள்விகூடக் கேக்கலன்னா, அது எப்படி..."

"அதைத்தான் சொல்றேன்" என்றாள்.

பென்சில் என் கையிலேயே நின்றது. எங்கள் மகள் போய் இரண்டு வருடம் ஆகிறது. காய்ச்சல். அன்றிரவு நான் ஒரு கட்டடத்தில், நடுவழியில் நின்றுபோன லிப்டுக்குள் மாட்டியவர்களை இறக்கிக்கொண்டிருந்தேன். காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இவளைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, "உன் தப்பு எதுவும் இல்ல" என்பதுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவே இல்லை. நான் அவளுக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

"இப்ப கேக்கவா?" என்றேன்.

"இங்கிலீஷ்ல கேளுங்க. தமிழ்ல என்னால முடியாது."

அன்றிரவு என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "என் வார்டில் அதுபோன்ற காய்ச்சலை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதனால் அது பினைன், ஆபத்தில்லாதது என்று அனுமானித்தேன். மருந்து கொடுத்து அவள் பக்கத்தில் படுத்தேன். முந்தைய இரவெல்லாம் பணி. நான் எக்ஸாஸ்டட் ஆக இருந்தேன். அவள் என்னை எழுப்பித் தண்ணீர் கேட்டாள். தூங்கு, அம்மா அப்புறம் தருகிறேன் என்றேன். விடியும்போது நான்தான் முதலில் எழுந்தேன்."

எங்கும் திக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. எத்தனை நாள் இதைத் தனக்குள் சொல்லிப் பார்த்திருந்தால் இப்படி வரும் என்று எனக்குப் புரிந்தது.

"உன் தப்பு இல்லம்மா" என்றேன்.

"பாத்தீங்களா, மறுபடியும்." அவள் குரல் உயரவில்லை. "நான் சொல்லி முடிக்கல, அதுக்குள்ள தீர்ப்பு சொல்லிட்டீங்க. விண்ணப்பத்துல உங்க பேரைப் போடப் போறதில்ல. உங்க மேல கோபம் ஒண்ணும் இல்லங்க. அங்க யாரும் என்னை நல்லவள்னு அவசரமா சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கு எதுவும் தெரியாது."

எதையும் பிரித்துப் பார்க்கிறவன், இது ஒன்றை மட்டும் கைபடாமல் மூடி வைத்திருந்தேன். உள்ளே என்ன இருக்கும் என்ற பயம்தான். வராதே என்கிறாளே, அதற்கு என்ன பதில் சொல்வது என்று தேடினேன். கெஞ்சலாம். இன்னொரு சமாதானம் சொல்லலாம். அவள் இமைகள் சரியத் தொடங்கியிருந்தன.

"அடுத்த வார்த்தை கேளுங்க" என்றாள்.

புத்தகத்தை மூடினேன். தமிழிலேயே கேட்டேன்:

"தண்ணி கேட்டாளே... எப்படிக் கேட்டா? என்ன சொல்லி எழுப்பினா?"

அவள் கண்ணைத் திறந்தாள். பேச்சுப் பரீட்சையாக இருந்தால் இவ்வளவு நேர மௌனத்துக்கு மார்க் குறைத்திருப்பார்கள். சீருடையின் மார்பில் நர்ஸுகள் குத்திக்கொள்ளும் சின்னக் கடிகாரம் தொங்கியது. குனிந்தால் அவளுக்கு நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காக, எதிரில் இருப்பவருக்கு அது தலைகீழாக இருக்கும். மூச்சு முட்ட முட்ட அது ஏறி ஏறி இறங்கியது. நான் வேலைக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று என் பக்கத்திலிருந்து சொல்ல முடியவில்லை. எழுந்து போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.