கீழ்த்தெருத் தண்ணீர்

சாப்பாட்டு மேசையில் மூன்று கண்ணாடித் தம்ளர்கள் இருந்தன. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் நனைந்த சோதனைத் தாள் கருஞ்சிவப்பாக மாறியது. இலிங்கா மடியிலிருந்த குழந்தையின் உதட்டைப் பார்த்தாள். நேற்றைய நீலம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

"மூணு தடவ கொதிக்க வெச்சுத்தானே பால்மாவு கரைச்சோம்!" என்றாள் மாமியார் பரஸ்கீவா.

"கொதிக்க வெச்சா இந்த நைட்ரேட் விஷம் போகாதும்மா, இன்னும் கெட்டியாத்தான் ஆகும்" என்றாள் நர்ஸ் துதோரா. "கிணத்தடியிலேயே சாணக்குழி. வேற என்ன ஆகும்? கடைப் புட்டித் தண்ணியில உப்பு ஜாஸ்தி, பிஞ்சுக்கு ஆகாது. இதப் பாருங்க, தாள் வெள்ளையாவே இருக்கு. கீழ்த்தெரு ஊத்துத் தண்ணி."

"அந்த ரோமா ஜிப்சிங்க குழாயிலயா? ஊர் என்ன பேசும்?"

"புள்ள நீலம் பூத்தப்ப ஊர் என்னம்மா பேசுச்சு?"

பரஸ்கீவா வெள்ளைத் தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இலிங்காவும் அந்தத் தெருவை முகம் திருப்பியே கடந்திருக்கிறாள்.

மாமனார் இறந்து பன்னிரண்டு நாள். போனவருக்குத் தாகம் எடுக்கக்கூடாதென்று நாற்பது நாள் வீட்டு மருமகள் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும். அங்கே குடிப்பது அவருக்குப் போய்ச் சேரும். சாயங்காலம் பரஸ்கீவா தயங்கித் தயங்கி வந்தாள்.

"அவருக்கும் இந்த விஷந்தானே போயிருக்கு... நாளையிலேருந்து கீழ்த்தெருவுல எடுத்துக் குடு. விடியறதுக்குள்ள போயிட்டு வந்துடு."

"குழந்தைக்கு, அத்தை?"

"செத்தவர யாரு கேக்கப்போறா? இவன் இந்த ஊர்ல வாழணுமேடீ."

மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் இலிங்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். குழாயடியில் நின்ற கீழ்த்தெருக்காரி சம்ஃபிரா பழக்கத்தில் குடத்தை நகர்த்தி வழிவிட்டாள்.

"நீங்க புடிங்கக்கா. உங்க முறைதானே" என்றாள் இலிங்கா. சொல்லும்போதே காது சூடேறியது. தன் முறை வந்ததும் அங்கேயே பால்மாவைக் கரைத்துக் குழந்தைக்குப் புகட்டினாள். பிறகு வாளியோடு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள்.

ஸ்தாங்கா சிலுவையிட்டுக்கொண்டு குவளையைத் தூக்கி ஒரு மடக்குக் குடித்தாள். "ஆகா! என்னமா இனிக்குது! உன் மாமனார் தோண்டின கிணறுன்னா சும்மாவா?" என்று அடுத்த மடக்கை வாய் நிறைய எடுத்துக்கொண்டாள்.

"கிணறு இல்ல சித்தி. கீழ்த்தெருக் குழாய்."

ஸ்தாங்காவின் கன்னங்கள் உப்பியபடியே நின்றன. இறந்தவருக்கென்று கொடுத்த தண்ணீரைத் துப்பக்கூடாது. அது பாவம். இலிங்காவையே முறைத்துக்கொண்டு மெல்ல விழுங்கினாள்.

"இன்னும் இருபத்தேழு நாள் கொண்டு வருவேன் சித்தி" என்றாள் இலிங்கா.