அனுமதி இல்லாத கை

பெருமாள்மலை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடையில் டிக்சன் மருந்தடிக்கும் மிஷின் ஒன்றின் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் மனைவி அனிட்டா அவன் தோளுக்கு மேலே செல்போனைப் பிடித்து வீடியோ எடுத்தபடி நின்றாள். பனி ரோட்டை மூடியிருந்ததால் காலையிலேயே கடையில் விளக்குப் போட வேண்டியிருந்தது.

"முழங்கை மறைக்குது. வாஷர் தெரியல."

அவன் கையை ஒதுக்கி, தேய்ந்துபோன வாஷரை விரல்நுனியில் எடுத்து விளக்குப் பக்கம் காட்டினான். "இது தேஞ்சிருச்சுன்னா பிரஷர் ஏறாது. மருந்து புகையா வராம சொட்டுச் சொட்டா ஒழுகும். அப்படியே அடிச்சா எல கருகிரும்."

"போதும்" என்று அவள் போனைத் தாழ்த்தினாள். "சத்தமா சொன்னீங்க இன்னைக்கு. நல்லா வந்திருக்கு."

அட்டுவம்பட்டியில் ஒரு விடுதியின் வரவேற்பில் வேலை பார்த்தவள் அனிட்டா. விடுதி கைமாறியபோது பழைய ஆட்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். அந்த வருடம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, யாரிடமும் கேட்காமல், கடைக்கு ஒரு வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டாள். அதன் முகவரி 'முகில்ஜெட் கொடைக்கானல் டாட் காம்'. மேல்மலைக்காரர்கள் பூண்டுக்கும் கேரட்டுக்கும் மருந்தடிக்க நம்பி வாங்கும் மிஷின் முகில்ஜெட். ஒட்டன்சத்திரத்து மொத்தக் கடையில் எடுத்துவந்து டிக்சன் விற்றான். விற்றதை அவனே பழுதும் பார்த்தான். மேல்மலையில் யார் போனில் முகில்ஜெட் என்று தேடினாலும் முதலில் டிக்சனின் கடைதான் வந்தது. கிளாவரையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும், கடையை ஒருநாளும் பார்க்காதவர்கள்கூட, "முகில்ஜெட் டிக்சனா?" என்று கூப்பிட்டார்கள்.

கம்பெனியின் ஏரியா மேனேஜர் மனோஜ்குமாருக்கு இதெல்லாம் தெரியும். மலைக்கு வரும்போதெல்லாம் கடையில் உட்காருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச் முடிந்து வந்ததும் அவர்கள் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, அனிட்டாவின் போனை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"சூப்பரா இருக்கு சிஸ்டர். எங்க கம்பெனி சைட்டே இப்படி இல்ல. பேர இன்னும் பெருசாப் போடுங்க. அதுதான் எங்களுக்கு விளம்பரம்."

அன்றிரவே அவள் பேரைப் பெரிதாக்கி அவருக்கு அனுப்பினாள். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

வாஷர் வீடியோவை அவள் இன்னும் சைட்டில் ஏற்றி முடிக்கவில்லை, தபால்காரர் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துக் கேட்டு நின்றார். டெல்லி வக்கீல் அலுவலகம் ஒன்றிலிருந்து ஆங்கிலத்தில் வந்திருந்தது. அனிட்டா நின்றபடியே படித்தாள்.

"என்ன போட்டுருக்கு?"

"முகில்ஜெட்ங்கிற பேரு அவங்க பதிவு பண்ணுன பேராம். அத நம்ம சைட்டுக்கு வச்சு ஜனங்கள ஏமாத்துறமாம். சைட்டோட முகவரிய அவங்களுக்கு எழுதிக் குடுக்கணுமாம். இல்லன்னா நஷ்டஈடு கேட்டுக் கேஸாம்."

"ஏமாத்துறமா? நானு ஒரு டூப்ளிகேட் சாமான் கைல தொட்டுருக்கேனா?" டிக்சன் எண்ணெய்க் கையோடு எழுந்துவிட்டான். "மனோஜ் சாருக்குப் போடு."

மனோஜ்குமார் மாலையில்தான் எடுத்தார். பின்னால் ஏதோ ஹோட்டலின் பாட்டுச் சத்தம் கேட்டது. "டிக்சன், இது லீகல் டிபார்ட்மென்ட் மேட்டர். நான் இதுல தலையிட முடியாது."

"நீங்கதான சார் பேரப் பெருசாப் போடச் சொன்னீங்க?"

"நான் போஸ்டர் பத்திச் சொல்லிருப்பேன். வெப்சைட்ட எதுக்குச் சொல்றேன்? கொடைக்கானல் மூஞ்சிக்கல்லுல புது ஷோரூம் வருது. இனி அவங்கதான் இங்க டீலர். நீங்க வீம்பு பண்ணாம குடுத்துருங்க."

கொடைக்கானலில் வக்கீல் சேனாதிபதி நோட்டீஸை இரண்டு முறை படித்தார். அவர் அறையில் ஹீட்டர் எரிந்தும் குளிர் போகவில்லை.

"முகில்ஜெட் இங்க கெடைக்கும், ரிப்பேர் பாக்கப்படும்னு நீங்க எழுதிக்கிடலாம். அதத் தடுக்க முடியாது. ஆனா முகவரியவே அந்தப் பேர்ல வச்சா, பாக்குறவன் நீங்கதான் கம்பெனின்னு நெனைப்பான்ல? கம்பெனிக்காரன் பிடிக்கிற பிடி அதுதான். மேனேஜர் சொல்லித்தான் செஞ்சேன்னா, அதுக்கு என்னம்மா அத்தாட்சி இருக்கு?"

அனிட்டா போனை நீட்டினாள். அவர் கட்டைவிரல் படத்தைப் பார்த்தார்.

"இத வச்சு டெல்லில போயி வாதாட எத்தன தடவ ரயில் ஏறுவீங்க?"

"அப்ப அழிச்சிர்றோம் சார். அவங்க பேரு அவங்ககிட்டயே இருக்கட்டும். நான் உக்காந்து செஞ்சத எதுக்கு எழுதிக் குடுக்கணும்?"

"அழிச்சா அவனுக்கு என்னம்மா லாபம்?" என்றார் சேனாதிபதி. குரலில் கோபமில்லை. "அதத் தேடி வர்ற ஜனம் இருக்குல்ல. அதத்தான் கேக்குறான்."

இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். சில்வர் காஸ்கேட் அருவிப் பக்கம் டூரிஸ்டுகள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும், அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், அனிட்டா சைட்டை மாற்றிக்கொள்ள டெல்லிக்காரர்கள் கேட்ட எண்களையும் ரகசியச் சொல்லையும் அனுப்பிவைத்தாள். அனுப்பிவிட்டுப் போய் முகம் கழுவினாள். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அந்த வாரமே வெப்சைட் பக்கம் மாறியது. அவள் எடுத்த பூண்டு வயல் படம் அப்படியே இருந்தது. டிக்சனின் நம்பர் இருந்த இடத்தில் வேறு நம்பர் இருந்தது. 'டிக்சன் ஸ்பிரேயர் சர்வீஸ்' என்று அவள் புதிதாக ஒன்று செய்தாள். அதை யாரும் தேடவில்லை. ஒட்டன்சத்திரத்துக் கடைக்காரர் மிஷின் தர மறுத்தார். "ஒனக்குக் குடுத்தா எனக்கும் நிப்பாட்டிருவாங்க தம்பி. தப்பா நெனைக்காத" என்றார். உதிரிச் சாமானும் மூஞ்சிக்கல் ஷோரூமில் மட்டும்தான் என்று ஆயிற்று. டிக்சன் தினமும் வெள்ளனே வந்து கடையைத் திறந்தான். பூட்டுப்போட்டால் ஊர் பேசும் என்பதற்காகவே திறந்தான். வாடகைக்கு அனிட்டாவின் காதுத் தோடு போனது.

மழைக்காலம் முடியும்போது மனோஜ்குமாரே கூப்பிட்டார். ஏஜென்சி மூலம் சர்வீஸ் ஆள் எடுக்கிறார்களாம். மாதச் சம்பளம் இல்லை. போய்ப் பார்க்கும் ஒவ்வொரு மிஷினுக்கும் கூலி.

"மலை பூரா ஒனக்குத்தான் பழக்கம் டிக்சன். நான்தான் சொல்லி ஓன் பேரச் சேத்தேன்."

"ரொம்ப நன்றிங்க சார்" என்றான் டிக்சன்.

அனிட்டா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். "அவனுக்கா நன்றி சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? கடைல ஈ ஓட்டிக்கிட்டா உக்காந்திருக்க?"

ஷோரூமில் ஊதா நிறச் சட்டை ஒன்று கொடுத்தார்கள். முதுகு முழுக்க முகில்ஜெட் என்று வெள்ளை எழுத்து. சட்டை இல்லாமல் போனால் அந்த வேலைக்குக் கூலி கிடையாது. போட்டுப் பார்க்க அவன் கண்ணாடி முன் நின்றபோது, அனிட்டா அடுப்படிக்குப் போய்விட்டாள். "அதப் போட்டுக்கிட்டு எனக்கு முன்னால நிக்காதீங்க" என்று உள்ளேயிருந்து சொன்னாள்.

மூன்றாவது வாரம் கிளாவரைக்கு வேலை வந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கி வரப்பேறிப் போனபோது மணியன் பூண்டுக்குள் குனிந்து நின்றிருந்தார். போன வருடம் டிக்சனிடம் மிஷின் வாங்கியவர். இலைகள் நுனியிலிருந்து பாதிவரை மஞ்சளாகியிருந்தன.

"வாப்பா டிக்சன். ஒன்னக் கூப்பிடுறேன்னு நெனச்சுத்தான் அந்த நம்பருக்குப் போட்டேன். ஒரு பொம்பளப்புள்ள எடுத்து பின்கோடு கேட்டுச்சு. எனக்கு எங்க தெரியும் அது? மூணு தடவ மேட்டுக்கு ஏறிப்போயி பேசுனேன். அதுக்குள்ள நோயி பரவிருச்சு பாரு."

"என் நம்பருக்கே போட்டிருக்கலாம்லண்ணே."

"பழைய போனு தண்ணீல விழுந்துருச்சுப்பா. நெட்ல முகில்ஜெட்னு தேடுனா நீதான வருவ?"

டிக்சன் சாக்கை விரித்து மிஷினைச் சாய்த்தான். பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. சாமான் மாற்ற வேண்டும். வாரண்டியில் இலவசமாகவே வரும். அதற்குப் போனில் கம்பெனி ஆப்பைத் திறந்து, முதலில் பம்பில் கம்பெனி ஒட்டிய சீல் முத்திரையைப் படம் எடுக்க வேண்டும். சீல் உடைந்திருந்தது. போன வருடம் ஒழுகுகிறது என்று மணியன் கொண்டுவந்தபோது, காசு வாங்காமல் அவனே திறந்து சரிசெய்தது.

படத்தை எடுத்ததும் அடுத்த கேள்வி வந்தது. அனுமதி இல்லாத நபர் இந்த மிஷினைத் திறந்திருக்கிறாரா? ஆம், இல்லை.

"என்னப்பா கேக்குது?"

"முன்னாடி யாரும் தொறந்தாங்களான்னு கேக்குதுண்ணே."

"நீதான தொறந்த?" மணியன் சிரித்தார். "ஓன் பேரப் போடு. என்ன இப்ப?"

டிக்சனின் விரல் திரைமேல் நின்றது. இல்லை என்று அழுத்தினால், படத்தைப் பார்த்ததும் அவனை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவன் ஆம் என்பதை அழுத்தினான். வாரண்டி ரத்து என்று சிவப்பில் வந்தது. கீழே சாமானுக்கும் வந்து போனதற்கும் சேர்த்து ஒரு தொகை.

"அண்ணே, காசு கேக்குது."

மணியன் போனை வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் டிக்சனைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாகப் போயிற்று.

"நீ தொறந்ததுக்கா?"

"ஆமாண்ணே."

அவர் வயலோரத்து வீட்டுக்குள் போனார். உள்ளே அவர் மனைவி முருகம்மாள் ஏதோ கேட்பதும், அவர் அதட்டுவதும் கேட்டது. கொண்டுவந்த நோட்டுகளை டிக்சனின் கையில் தராமல் சாக்கின்மேல் வைத்தார்.

சாமானை மாற்றி, கயிற்றை இழுத்ததும் மிஷின் உறுமியது. மணியன் அதைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, போய் வா என்றுகூடச் சொல்லாமல் பூண்டுக்குள் இறங்கினார். மருந்து புகையாகப் பரவி மஞ்சள் இலைகள்மேல் படிந்தது. டவர் கிடைத்து ஆப்பில் வேலையை முடித்தால்தான் கூலி கணக்கில் ஏறும். டிக்சன் பையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினான். உச்சியில் நின்று போனைத் தலைக்குமேல் உயர்த்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திரும்பினான். பனி இடுப்புவரை வந்துவிட்டது. கீழே வயலிலிருந்து பார்த்தால் ஆளின் முகம் தெரியவில்லை. முதுகில் அந்த வெள்ளை எழுத்து மட்டும் தெரிந்தது.