மூடியைச் சுற்றித் தண்ணீர்

“பிரிட்ஜைத் திறந்தே, கை இருக்காது!”

கூடத்தில் அழுகை பட்டென்று நின்றது. பால் பாக்கெட்டோடு நின்ற நாத்தனார் மிரண்டு திரும்பினாள்.

“பால் கெட்டுப்போயிடும் அண்ணி.”

“இதுல வெச்சாலும் கெட்டுத்தான் போகும். உள்ள இருக்கறது உங்கண்ணனோட சாக்கடைத் தண்ணி.”

நாத்தனார் பாலை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்தாள். புருஷன் செத்துக் கிடக்கிறான், இவள் பிரிட்ஜுக்குக் காவல் நிற்கிறாள் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

கழிவுநீர் நிலையத்தில் தண்ணீர் சோதிப்பவர் அவர். அங்கிருந்த சோதனைப் பெட்டி பழுதானதும், வீட்டுப் பழைய பிரிட்ஜை அதிகம் குளிராதபடி மாற்றிக் குப்பிகளை அடுக்கிவிட்டார். ஐந்து நாள் இருட்டில் கிடக்க வேண்டும். தண்ணீரில் அழுக்கிருந்தால், அதைத் தின்னும் கிருமிகள் கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்துவிடும். மிச்சமிருந்தால் தண்ணீர் தேறியது. “சோறு வெக்கிற எடமா இது?” என்று அவள் கத்தாத நாளில்லை. “சோறு வர்றதே இதாலதான்டி” என்பார்.

இந்த முறை பந்தயம் வேறு. தான் மாற்றிய காற்றுக் குழாயால் மூன்றாம் தொட்டி தேறிவிடும் என்றார். அங்கேயே பம்பு ஓட்டும் அவள் அண்ணன், “தேறினா மீசையை எடுத்துடறேன் மாப்ளே” என்று முறுக்கினான். நேற்றுச் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. இன்றுதான் ஐந்தாம் நாள்.

திடீரென்று அவளுக்கு உறைத்தது. தினமும் காலையில் மூடியைச் சுற்றிச் சொட்டுத் தண்ணீர் விடுவார். அது வற்றினால் வெளிக்காற்று நுழைந்துவிடும். ஜெயித்தாலும் பொய் ஜெயிப்பு. ஒரு கரண்டியில் தண்ணீர் எடுத்து, கதவை முதுகால் மறைத்து, ஒவ்வொரு குப்பிக்கும் விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்த அண்ணனைப் பிடித்தாள். “கொண்டாந்தியா?”

நிலையத்திலிருந்து கொண்டுவந்த இரண்டு சோதனை மருந்துப் புட்டிகளை அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். “துக்க வீட்ல எதுக்கும்மா? நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“நாளைக்குன்னா ஆறாம் நாளு. மீசைக்கு ஒரு நாள் ஆயுசு கூட்டாதண்ணா.”

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வெள்ளையாவே நின்னா ஒண்ணுமில்ல. பழுப்பு வந்தாத்தான் தண்ணில ஆக்சிஜன் மிச்சமிருக்கு, உசுரு இருக்கு” என்று முனகியபடி அண்ணன் குப்பிக்குள் மருந்துகளை விட்டான். மூடி, குலுக்கி, மேசைமேல் வைத்தான். மூன்று தலைகள் குனிந்தன.

பழுப்பு. மேகம் மேகமாகத் திரண்டு, அடர்ந்து, மெல்ல அடியில் இறங்கியது. அடுத்த குப்பியும் அப்படியே.

“பாவி,” என்றான் அண்ணன். “போயும் ஜெயிச்சுட்டான்.” துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

“மீசை எடுத்த எடம் எளநி வழுக்கை மாதிரி வழவழன்னு வரணும்,” என்றாள் நாத்தனார்.

தங்கை அலமாரியிலிருந்து புருஷனுடைய சவர டப்பாவை எடுத்து வந்து, அண்ணன் முன்னால் வைத்துத் திறந்தாள்.

பிரஷ் இன்னும் காயவில்லை.