விளக்கு வைத்த பிறகு கூட்டாத ஏஜெண்டு

கார்குழலி எழுதும் கையேட்டை மனிதர் யாரும் படிக்கப் போவதில்லை என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனி ஒரு கருவி செய்திருந்தது. பழசாகிச் சிக்குப் பிடித்த புரோகிராமை எடுத்து, சிக்கெடுத்து, பெயர்களைத் திருத்தி, உபயோகமில்லாத பகுதிகளைக் கழித்துக் கட்டி, ஒழுங்காக அடுக்கி வைக்கும் கருவி. அதை ஓட்டுவதும் மனிதர்கள் அல்ல, ஏஐ ஏஜெண்டுகள். அந்த ஏஜெண்டுகளுக்குக் கருவியைச் சொல்லிக்கொடுக்கும் கையேடுதான் கார்குழலியின் வேலை.

மனிதர்களுக்கு எழுதுவதில் ஒரு வசதி உண்டு. என்ன எழுதினாலும் படிக்கமாட்டார்கள். ஏஜெண்டு அப்படியா? கடைசி வரி வரை படித்துவிட்டு, சொன்னதைச் சொன்னபடியே செய்து மானத்தை வாங்கும். 'சந்தேகம் இருந்தால் பொறுப்பானவரைக் கேள்' என்று அவள் ஒருமுறை எழுதப்போக, அது ஒரு காலைப் பொழுது முழுக்க முதலாளி செம்மலுக்குச் செய்தி அனுப்பி அவர் செல்போனைச் சூடாக்கியது. காலியிடம் விடலாமா என்றுகூடக் கேட்டது.

செம்மல் அவளைக் கூப்பிட்டு விஷயத்தை உடைத்துச் சொன்னார். பாரீஸில் இருக்கும் ஒரு கஸ்டமருக்குக் கருவியை ஓட்டிக் காட்டும்போது எல்லாம் சரியாக நடந்தால் அவள் வேலை நிரந்தரம். சொதப்பினால், "கையேட்ட ஏஜெண்டே எழுதிக்கும், தப்பா நெனச்சுக்காதம்மா." கார்குழலியின் அப்பா முத்துவேல் வேலை பார்த்த மில் மூடிப் பல வருஷம் ஆகிறது. வேலைக்குப் போகிற ஆள் என்று அந்த வீட்டில் இருந்தது இப்போது அவள் ஒருத்திதான்.

ஆகவே பார்த்துப் பார்த்து எழுதினாள். அழிப்பது பற்றிய பகுதிக்கு வந்தபோதுதான் கை தன் போக்கில் போய்விட்டது. அம்மா வரலட்சுமி விளக்கு வைத்த பிறகு வீடு கூட்டமாட்டாள். கூட்டியே தீரவேண்டும் என்றால் குப்பையை ஒரு மூலையில் ஒதுக்கி வைப்பாள். வெளியே கொட்டுவது விடிந்த பிறகுதான். கொட்டினால் மகாலட்சுமியும் கூடவே போய்விடுவாளாம். கார்குழலி அதையே எழுதினாள்: 'மாலையில் விளக்கு வைத்த பிறகு எதையும் அழிக்காதே. கழித்ததை மூலையில் ஒதுக்கி வை. காலையில் கொட்டலாம்.' படித்துப் பார்த்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. எடுத்துவிடலாம் என்று பார்த்தாள். அப்போது மணி ஏழு. அந்த நேரத்தில் அதை அழிக்க மனசு வரவில்லை. காலையில் மறந்துபோனாள்.

சோதனையெல்லாம் பகலில்தான் நடந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பாரீஸ்காரர்களுக்குக் காட்டுவது மாலை ஆறரைக்கு என்று முடிவானது. கஸ்டமர் மதாம் அஞ்சலாட்சி. புதுச்சேரியில் பிறந்து பிரான்சில் குடியேறியவர். அங்கே மளிகைக் கடைகள் வரிசையாக வைத்திருக்கிறார். கடைகளின் புரோகிராம் அவரைப் போலவே பழசு, அவரைப் போலவே பிடிவாதம். திரையில் மதாமின் முகம் தெரிந்தது. பின்னால் ஜன்னலில் பளிச்சென்று மதிய வெயில்.

ஏஜெண்டு கிடுகிடுவென்று வேலை பார்த்தது. செம்மல் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி பூரித்துப்போனார். கடைசியில் வேண்டாததை அழிக்கும் கட்டம் வந்ததும் அது நின்றது. புதுச்சேரியில் விளக்கு வைத்தாயிற்று, குப்பை மூலையில் இருக்கிறது, காலையில் கொட்டப்படும் என்று மரியாதையாகத் திரையில் எழுதியது.

செம்மல் கார்குழலியைப் பார்த்த பார்வையில் வேலை போய்விட்டது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் மதாமிடம் ஏதோ சின்னக் கோளாறு என்று மழுப்பினார். மதாம் அவரைக் கையமர்த்திவிட்டு, இதை எழுதியது யார் என்று கேட்டார். கார்குழலி கையைத் தூக்கினாள்.

"அலோர்," என்று பிரெஞ்சில் தொடங்கித் தமிழுக்கு வந்தார் மதாம். "ஒண்ணு சொல்லும்மா. இங்க இன்னும் வெயில் அடிக்குது. எந்த ஊரு வெளக்கு கணக்கு?"

மேஜைக்கு அடியில் செம்மல் அவள் காலை மிதித்தார். பாரீஸ் விளக்கு என்று சொல்லித் தொலை என்று அர்த்தம். சொல்லியிருந்தால் ஏஜெண்டு அந்த நொடியே கொட்டியிருக்கும், வேலையும் பிழைத்திருக்கும். ஆனால் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. கார்குழலி உண்மையாகவே யோசித்தாள்.

"குப்ப உங்க வீட்டுதுதான் மதாம். ஆனா கூட்டுற கை இங்க இருக்கு. கூட்டுறவங்க ஊரு வெளக்குதான் கணக்கு. இப்ப கொட்டக் கூடாது."

செம்மல் கண்ணை மூடிக்கொண்டார்.

சரி, அந்த மூலையையாவது திறந்து காட்டு என்றார் மதாம். ஏஜெண்டு காட்டியது. மதாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தவர், ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். தீபாவளிப் பலகார ஆர்டர் எடுக்கும் பகுதி அது. வருஷத்தில் ஒருதரம்தான் ஓடும். உபயோகமில்லை என்று ஏஜெண்டு அதையும் கழித்துவிட்டிருந்தது.

"இதுக்கு முன்னாடி ரெண்டு கம்பெனி வந்தானுவ. கொட்டிட்டுப் போயிட்டானுவ. எது போச்சுன்னு எனக்கே தெரியல. இந்தப் பொண்ணு எழுதுனா நான் வாங்குறேன்," என்றார் மதாம்.

இணைப்பு அறுந்ததும் செம்மல் நாற்காலியில் சாய்ந்து, சிரித்து, அவளை வாயாரப் புகழ்ந்தார். இனி எல்லாக் கையேடும் அவள்தான் என்றார். கார்குழலிக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் விடவில்லை. நிரந்தர உத்தரவை இப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடும்படி கேட்டாள்.

செம்மல் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். எடுத்தவர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

"இன்னிக்கு செவ்வாக்கெழமம்மா. நல்ல காரியம். நாளைக்குக் காலையில ராகு காலம் பாத்துட்டுப் போட்டுடறேன்."

வீட்டுக்கு வந்து அவள் இதைப் பொருமித் தீர்த்தாள். வரலட்சுமி கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, உன் முதலாளி விவரமான மனுஷன்தான், அந்தக் கம்பெனியை விட்டுவிடாதே என்றாள்.