வாலைத் தாண்டிய விரல்கள்

சிங்கப்பூர்ப் பறவை ஆர்வலர்கள் என்னைப் பேசக் கூப்பிட்டதே ஒரே ஒரு பறவைக்காகத்தான். இரண்டு வருடங்களுக்கு முன் மலேசியாவில் மூவார் கரைச் சேற்றில் நான் படம் பிடித்த நார்ட்மன் பச்சைக்காலி. உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம். தொழிற்சாலையில் தரம் பார்க்கும் இந்த யோகேஸ்வரியை, பேராசிரியர்கள் உட்காரும் கூட்டத்துக்கு வேறு எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்?

அன்று அந்தப் படத்தைச் சந்தேகப்பட்டவர் ஒரே ஒருவர்தான். சிவகணேசன், நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கென்னவோ இது சாதாரணப் பச்சைக்காலி மாதிரிதான் தெரிகிறது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். தொழிற்சாலைக்காரி கண்டுபிடித்தால் பொறுக்காதோ என்று எல்லாரும் பார்க்கத் திட்டி எழுதி, அவரைக் குழுவை விட்டே தூக்கினேன். அட்மின் நான்தானே. அதன் பிறகு கரையில் எதிரே வந்தால்கூடத் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு விடுவேன்.

பேச்சு சனிக்கிழமை நான்கு மணிக்கு. அன்று காலை ஜொகூர் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டில், இன்னொரு படம் சேர்க்கலாமே என்று பழைய மெமரி கார்டைத் துழாவினேன். அதே பறவை எழும்பிப் பறக்கும் படம் ஒன்று கிடந்தது. மங்கல் என்பதால் அப்போது ஒதுக்கிவிட்டிருந்தேன். பெரிதாக்கினேன். கால் விரல்கள் வாலைத் தாண்டி நன்றாக நீட்டிக்கொண்டிருந்தன. நார்ட்மனுக்குக் கால் குட்டை, அப்படி நீளாது. சேற்றில் பாதிக் கால் புதைந்து நின்ற சாதாரணப் பறவையைப் பார்த்து, குட்டைக்கால் என்று குதித்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

என் வீட்டுக்காரர் கமலநாதனிடம் சொன்னேன்.

“அலமாக், அந்தப் படத்த அழிச்சிட்டுப் பேசாம போ லா. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரிஞ்சிருச்சுல்ல.”

பதினெட்டு வருடமாக, ஒரு பொருள் பழுதென்றால் பெட்டி முழுவதையும் நிறுத்திச் சிவப்புத் தாள் ஒட்டுகிறவள் நான். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் அதைக் கிழிக்க விட்டதில்லை. என் சொந்தச் சரக்கு என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வேனா?

சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர் பாலத்தில் வழக்கமான நெரிசல். பஸ் ஊர்ந்த நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து, மங்கல் படத்தை முதலில் வைத்தேன். அதன் மூலையில் சிவப்பாக ஒரு கட்டம் போட்டு, ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதினேன்.

கூட்டம் நடக்கும் இடத்தில் அமைப்பாளர் வாசுகியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவள் முகம் வெளிறிவிட்டது. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பேச்சை ரத்து செய்துவிடலாமா அக்கா என்று கேட்டாள். பாவம், நல்ல பிள்ளை. உடம்புக்கு ஒன்றுமில்லை, கண்ணுக்குத்தான் கோளாறு, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.

விளக்கை அணைத்தார்கள். மேசையை இறுகப் பிடித்துக்கொண்டேன். இது நார்ட்மன் இல்லை, எப்படித் தவறினேன், அதைக் கண்டதாகக் கொடுத்த பதிவைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசியாக, இதை அன்றைக்கே சரியாகச் சொன்னவரை நான்தான் குழுவை விட்டுத் துரத்தினேன், இப்போதே திரும்பச் சேர்க்கிறேன் என்று கைப்பேசியை எடுத்து அவர் எண்ணை அழுத்தினேன்.

பின்வரிசையில் ‘டிங்’ என்றது.

விளக்கைப் போட்டார்கள். சிவகணேசன் உட்கார்ந்திருந்தார். தவறு என்று தெரிந்தும், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், என் பெருமையைக் கேட்கப் பாலம் தாண்டி வந்திருக்கிறார் மனிதர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கேள்வி கேட்கலாம் என்று வாசுகி சொன்னதும் அவர்தான் முதலில் கை தூக்கினார்.

“நாளைக்குக் காலமை மூவாரில கடல்தண்ணி வத்தும். போவமா, யோகேஸ்வரி?”