பூட்டுக்காரர் எதிர் பூட்டுக்காரர்

பூட்டுக்காரர் இருமினாலே பக்கத்துத் தெரு பீரோக்கள் திறந்துகொள்ளும். அதனால் சளி பிடித்தால் அவர் வெளியே இறங்குவதில்லை. அப்பேர்ப்பட்டவர் ஒரு கேட்டைத் திறந்துவிடச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனார் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. குடியிருப்பது பின் வீடு. தெருவுக்கு வர முன் வீட்டு முற்றத்தைத் தாண்ட வேண்டும். முன் வீட்டு அச்சகக்காரன், முற்றத்தில் மெஷின் கொட்டகை போடப்போவதாகச் சொல்லிக் கேட்டைப் பூட்டிவிட்டான். பூட்டுக்காரரின் மனைவிக்கு நடமாட்டம் போய்விட்டது. சக்கர நாற்காலியில் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் உயிர். பின்பக்கம் பள்ளத்தில் இருக்கும் சந்துக்கு ஒரு படிக்கட்டு உண்டு. பல்லிகூட அதில் பார்த்துத்தான் இறங்கும்.

வக்கீலம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஐயா, சட்டசபை எழுதுற சட்டம் ஒண்ணு. நீதிபதிங்க வழக்கு வழக்கா தீர்ப்புச் சொல்லி வளர்ந்தது இன்னொண்ணு. அதைப் பொதுச்சட்டம்னு சொல்லுவோம். பெரிய கோர்ட்டு ஒரு தடவை சொல்லிட்டா, அதே மாதிரி வழக்குல சின்னக் கோர்ட்டு மீற முடியாது. அதுக்குப் பேரு முன்தீர்ப்பு.”

“நம்ம விஷயத்துக்கு அப்படி ஒண்ணு இருக்கா?”

“இருக்கு. நீங்க ஜெயிச்சது.”

வாலிபத்தில் முன் வீடு பூட்டுக்காரருடையது. பின் வீட்டில் ஒரு தச்சர் இருந்தார். தச்சர் வழிக்கு உரிமை கேட்டார். பூட்டுக்காரர் பெரிய கோர்ட்டு வரை போய், தினமும் காலையில் கேட்டின் பூட்டைத் தன் கையால் திறந்துவிட்டதை நிரூபித்தார். திறந்துவிட்டால் அது அனுமதி. அனுமதியில் எத்தனை காலம் நடந்தாலும் உரிமை ஆகாது என்றது கோர்ட்டு. வேறு வழியே இல்லையென்றால்தான் ‘அவசியவழி’ என்று உரிமை கேட்கலாம். செங்குத்தான படியும் வழிதான் என்றும் சொன்னது. தச்சர் வீட்டை அடிமாட்டு விலைக்கு அவரிடமே விற்றுவிட்டுப் போனார். பிறகு மகள் கல்யாணத்துக்காகப் பூட்டுக்காரர் முன் வீட்டை அச்சகக்காரனின் அப்பாவுக்கு விற்றார். பத்திரத்தில் பாதையைப் பற்றி எழுதினால் விலை இறங்கும் என்று எழுதாமல் விட்டார். நட்புக்கு அடையாளமாக, கேட்டுக்குப் புதுப் பூட்டு ஒன்றைக் காசு வாங்காமல் மாட்டிக் கொடுத்தார். அப்பாவும் மகனும் அதைத் தினமும் காலையில் திறந்துவிட்டார்கள்.

நீதிபதி சின்ன வயதுக்காரர். பூட்டுக்காரரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. சட்டக் கல்லூரிப் பரீட்சையில் அவர் வழக்குதான் வருஷா வருஷம் வருமாம்.

“உங்க கேள்வியிலதான் நான் ஃபெயிலானேன், பெரியவரே. இந்தத் தடவை தப்பா எழுத மாட்டேன்.”

எழுதவில்லை. அந்த முன்தீர்ப்பின்படியே வழக்கைத் தள்ளிவிட்டார்.

வக்கீலம்மா மேல்முறையீடு பற்றிச் சொன்னார். பெரிய கோர்ட்டு தன் பழைய பேச்சை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதற்குள் வருஷங்கள் ஓடிவிடும் என்றார். மனைவிக்கு வருஷங்கள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பூட்டுக்காரர் பின்படி ஏறி, மூச்சு வாங்க வீட்டுக்கு வந்தார். மனைவி சக்கர நாற்காலியில் கேட்டைப் பார்த்தபடி இருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் தீர்ப்பைக் கேட்கவில்லை.

“ஒரு இருமல் இருமிப் பாருங்களேன்,” என்றாள்.

“திறந்துக்கும். நாளைக்கு அவன் போலீஸோட வருவான், நடுவுல செங்கல் சுவரும் வரும்.”

அவள் நாற்காலியைப் பின்படிப் பக்கம் திருப்பினாள்.

“அந்தத் தச்சர் வீட்டு அம்மாவும் நடக்க மாட்டாங்களே. எப்படி இறக்குனாங்க?”

“நாற்காலியில கட்டி, ரெண்டு பேரு தூக்குனாங்க.”

“திரும்ப எப்படி ஏத்துனாங்க?”

அவருக்குத் தொண்டை அரித்தது. இருமலை அடக்கிக்கொண்டார்.

“ஏத்தலை.”